பனிக்காலத்தில் சைக்கிள் ஓட்டுவது யார்?

"இந்தக் குளிரிலே சைக்கிள் ஓட்டுவதற்கு யாருக்கு ஐயா பைத்தியம்?"

கனடா தேசத்தின் மிகப் பெரிய நகரமான டொராண்டோவில் சில வருஷங்களாக இந்தக் கேள்வி அடிபட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே வருஷத்தில் நாலு மாதம் பனிக்காலம். தெருவெல்லாம் வெள்ளை. தண்ணீர்த் தொட்டி கல்லாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில், கார் போகும் ரஸ்தாவின் ஓரத்தை வெட்டி, சைக்கிளுக்கென்று தனிப்பாதை போடுவானேன்? கோடையில் நாலு பேர் உல்லாசமாக ஓட்டுவார்கள். பனி விழுந்தால் ஈ காக்கை இராது. ஆனால் கார்க்காரர்கள் பன்னிரண்டு மாதமும் நெரிசலில் கிடந்து தவிக்க வேண்டுமா? கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது.

இந்த வாதம் வெறும் திண்ணைப் பேச்சாக நின்றுவிடவில்லை. 2024 நவம்பரில் சட்டமாகவே வந்துவிட்டது. டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தின் முதல் மந்திரி டக் ஃபோர்டின் சர்க்கார், புளோர், யங், யூனிவர்சிட்டி என்ற மூன்று பெரிய வீதிகளில் நகரசபை போட்டிருந்த சைக்கிள் பாதைகளைப் பெயர்த்தெடுக்க உத்தரவிட்டுச் சட்டம் செய்தது. ஏறக்குறைய 19 கிலோமீட்டர் பாதை. இந்தப் பாதைகளைப் போடுவதற்கு ஆன செலவு 2 கோடியே 70 லட்சம் டாலர் என்றும், பெயர்ப்பதற்கு 4 கோடியே 80 லட்சம் டாலர் ஆகும் என்றும் நகரசபை அதிகாரிகள் கணக்குக் கொடுத்தார்கள். மாகாண சர்க்கார் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை.

'சைக்கிள் டொராண்டோ' என்ற சங்கமும் வேறு இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஜூலை 30-ஆம் தேதி நீதிபதி பால் ஷாபாஸ் தீர்ப்பளித்தார். "சைக்கிள் பாதை வேண்டும் என்று கேட்பதற்கு உரிமை உண்டா என்பதல்ல கேள்வி, இருக்கிற பாதையைப் பெயர்த்தால் ஆட்கள் சாவதற்கும் அடிபடுவதற்கும் அதிக இடம் உண்டாகும், நெரிசலும் அதனால் குறையும் என்று காட்டப்படவில்லை, ஆகவே உயிருக்கும் உடலுக்கும் அரசியல் சாசனம் தரும் பாதுகாப்புக்கு இது விரோதம்" என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சர்க்கார் தானே அமர்த்திய நிபுணர்கள்கூட, பாதையை எடுத்தால் விபத்துகள் கூடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்! மேல்முறையீடு செய்யப் போவதாக மாகாண சர்க்கார் உடனே அறிவித்தது.

வக்கீல்களின் வாதம் ஒரு புறம் இருக்கட்டும். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு யாரும் சரியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை. பனிக்காலத்தில் சைக்கிள் ஓட்டுவது யார்?

நம்மவர்கள் ஊர்

டொராண்டோவில் நடப்பதைப் பற்றி நாம் ஏன் இத்தனை அக்கறையோடு எழுதவேண்டும் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். தெற்கு ஆசியாவுக்கு வெளியே தமிழர்கள் பெருந்திரளாக வாழும் இடங்களில் டொராண்டோவும் அதன் சுற்றுப்புறமும் முதல் வரிசையில் நிற்கின்றன. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து போனவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே பெரும்பான்மை. நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் கடைப் பலகைகளில் தமிழைக் காணலாம்.

அவர்களில் மூத்தவர்களுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணம் சைக்கிள் ஊர். 1990-களில் யுத்தத்தின்போது பெட்ரோல் வரத்து அடைபட்டதும் குடாநாட்டில் வாத்தியாரும் வைத்தியரும், விறகும் நோயாளியும், எல்லாமே சைக்கிளில்தான் போய்வந்தன. அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் டொராண்டோவில் கால் ஊன்றியதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கார் வாங்கியது. குற்றமில்லை. குளிர் ஊர், தூரமோ அதிகம், ஸ்கார்பரோவின் வீதிகள் காருக்காகவே அகலமாகப் போடப்பட்டவை. கார் வாங்கினால்தான் ஊரில் ஒரு மனிதன் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் இன்று புதிதாக வந்து இறங்குகிற இளைஞனிடம் காரும் இல்லை, அதை வாங்கப் பணமும் இல்லை, பனிக்காலம் முடியட்டும் என்று காத்திருக்க அவகாசமும் இல்லை. படிக்க வந்தவன், அகதி மனுப் போட்டுக் காத்திருப்பவன், அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறவன், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன் எல்லோரும் இந்த ரகந்தான். அதில் தமிழனும் உண்டு, பஞ்சாபியும் உண்டு, பங்களாதேசத்தவனும் உண்டு.

அப்படி ஒரு தம்பியைக் கற்பனை செய்துகொள்வோம். ஸ்கார்பரோவின் மேற்கு எல்லையில் ஒரு வீட்டின் நிலவறையில் அவனுக்கு ஓர் அறை. வேலை, நகரத்தின் நடுவில் புளோர் வீதியில் ஒரு ஹோட்டல் அடுக்களையில். டான்ஃபோர்த் வீதியோடு நேரே மேற்கே வந்தால் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அடியிலேயே சுரங்க ரயில் ஓடுகிறது, ஏறலாம். 2025-ஆம் வருஷக் கட்டணப்படி போகவர ஆறரை டாலருக்கு மேல் ஆகும். மாதம் இருபத்தைந்து நாள் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையோ காலை 8 மணிக்குத்தான் முதல் ரயில். அடுக்களை அதற்கு முன்பே திறந்துவிடும்.

ஆகவே சைக்கிள்.

காலையில் ஒன்பது கிலோமீட்டர்

ஜனவரி மாதம். காலை ஐந்தரை மணி. சூரியன் வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரி.

புதிதாக ஓட்டுகிறவன் செய்யும் முதல் தப்பு, தடியான கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவது. பத்து நிமிஷம் பெடல் மிதித்ததும் உடம்பு அடுப்புப்போல் சூடேறிவிடும். உள்ளே வேர்வை. அந்த வேர்வை ஈரம், சிக்னலில் நிற்கும்போது முதுகில் ஐஸ் வைத்ததுபோல் ஆகிவிடும். அனுபவப்பட்டவர்கள் வாசற்படியில் நிற்கும்போது சற்றுக் குளிரும்படியாகவே உடுத்துவார்கள். மெல்லிய துணிகளாக இரண்டு மூன்று அடுக்கு. வெளியே காற்றுப் புகாத சட்டை ஒன்று. மார்புக்குக் கவலையில்லை. கஷ்டமெல்லாம் விரல் நுனியிலும் கால் பெருவிரலிலும் காதிலுந்தான். வண்டி போகும் வேகமே காற்றை உண்டாக்குகிறது அல்லவா? நிற்பவனுக்கு இருக்கும் குளிரைவிட ஓட்டுகிறவன் கைக்குக் குளிர் அதிகம். கையுறை போதாதென்று, ஹாண்டில்பாருக்கே தலையணை உறைபோல் ஒரு பை மாட்டி அதற்குள் கையை விட்டுக்கொள்பவர்களும் உண்டு. மூக்குக்கண்ணாடிக்காரர் பாடு இன்னும் மோசம். கழுத்துத் துணியால் வாயை மூடினால் மூச்சு ஆவி கண்ணாடியில் படிந்து உறைந்துவிடுகிறது. மூடாவிட்டால் தொண்டை எரிகிறது.

வண்டிக்கும் இந்த அவஸ்தைகள் உண்டு. முதல் நாள் ஈரம் பட்டிருந்தால் பூட்டுத் துவாரத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும், சாவி போகாது. பிரேக் கம்பி அதன் குழாய்க்குள் உறைந்து நிற்கும். சில சமயம் பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றாது. கால் மட்டும் சும்மா சுற்றும். பிரீவீலுக்குள் இருக்கும் கிரீஸ் கெட்டியாகிப் பல் பிடிக்காமல் போவதுதான் காரணம். இரவில் வண்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து, ஈரம் உலருவதற்குள் மறுபடி குளிருக்கு எடுத்துப் போனால் இந்தத் தொல்லை நிச்சயம். இவ்வளவையும் தாண்டினால் உப்பு. பனி உருகட்டும் என்று வீதியில் மூட்டை மூட்டையாக உப்புத் தூவுகிறார்கள். ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் செயின் துருப்பிடித்துக் கீச்சிடும்.

இதெல்லாம் 'கஷ்ட' வரிசை. சந்தோஷமும் இல்லாமல் இல்லை. புதுப் பனி விழுந்த விடியற்காலையில் நகரத்தின் இரைச்சல் அடங்கிப்போய்விடுகிறது. டயருக்கு அடியில் நறநறவென்ற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. பஸ்ஸுக்காக மூலையில் நின்று கால் மாற்றி மாற்றி நடுங்குகிறவர்களைக் கடந்து போகையில் தன் உடம்பு மட்டும் கதகதவென்று இருப்பதில் தம்பிக்கு ஒரு கர்வம் உண்டாகத்தான் செய்யும். நிற்பவர்களுக்குத்தான் குளிர், மிதிப்பவனுக்கு இல்லை. இதை ஒரு பனிக்காலம் ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லாருமே சொல்வார்கள்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது?

குளிரைவிடக் கொடியது

டான் பள்ளத்தாக்கின் மேலே ஒரு நீண்ட பாலம் உண்டு. டான்ஃபோர்த் வீதி முடிந்து புளோர் வீதி தொடங்கும் இடம். தரையில் போட்ட ரோடு அடியிலிருந்து கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். பாலத்துக்கோ மேலேயும் காற்று, கீழேயும் காற்று. ஆகவே முதலில் உறைவது பாலந்தான். கண்ணுக்கு ஈரத் தார்போலக் கறுப்பாகத் தெரியும். ஆனால் அது கண்ணாடிபோன்ற பனிக்கட்டி. அதன் மேல் போகும்போது ஹாண்டிலைத் திருப்பக்கூடாது, முன் பிரேக்கைத் தொடக்கூடாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே போக வேண்டியதுதான். சின்னச் சின்ன உலோக ஆணி பதித்த டயர் போட்டால் பிடிப்புக் கிடைக்கும். ஆனால் நல்ல ஆணி டயர் ஒரு ஜோடியின் விலைக்குப் பழைய சைக்கிள் ஒன்றே வாங்கிவிடலாம்.

டொராண்டோவின் குளிர் உலகத்திலேயே கடுமையானது என்று சொல்ல முடியாது. ஜனவரியில் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே நாலைந்து டிகிரிதான். சங்கடமே அங்கேதான் இருக்கிறது. பகலில் பூஜ்யத்துக்கு மேலே ஏறுகிறது. பனி உருகிக் கூழாகிறது. இரவில் கீழே இறங்குகிறது. அந்தக் கூழ், கார்ச் சக்கரங்கள் போன தடத்தோடு அப்படியே கல்லாகிறது. மறுநாள் காலையில் அந்தக் கரடுமுரடான தடத்தில் சைக்கிள் டயர் மாட்டிக்கொண்டால் அது இழுத்த பக்கம் போகவேண்டியதுதான். பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் காய்ந்து கிடக்கும் பனி எவ்வளவோ தேவலை.

அதைவிடப் பெரிய ஆபத்து மனிதன் உண்டாக்குவது. பனி அள்ளும் வண்டி நடு ரஸ்தாவைச் சுத்தம் செய்து பனியை ஓரத்தில் தள்ளுகிறது. நடைபாதையைச் சுத்தம் செய்பவனும் இந்தப் பக்கம் தள்ளுகிறான். கடைக்காரன் தன் வாசலைச் சுரண்டி இங்கேயே கொட்டுகிறான். இரண்டுக்கும் நடுவே இருப்பது எது? சைக்கிள் பாதை! ஊர்ப் பனியெல்லாம் வந்து சேரும் குப்பைத்தொட்டியாக அது ஆகிவிடுகிறது. வேறு வழியில்லாமல் தம்பி காருக்கும் லாரிக்கும் நடுவே இறங்குகிறான். எதிரே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான்: "பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்களே, அதிலே போகக்கூடாதா?"

பாதையில் தடங்கல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை டொராண்டோ பனி இல்லாத காலத்திலேயே பார்த்துவிட்டது. 2024 ஜூலையில், அதே புளோர் வீதியில், சைக்கிள் பாதையை அடைத்துக்கொண்டு கட்டட வேலைக் குப்பைத் தொட்டி ஒன்று கிடந்தது. அதைச் சுற்றிப் போவதற்காக ரஸ்தாவுக்குள் இறங்கிய 24 வயதுப் பெண் லாரியில் அடிபட்டு இறந்துபோனாள். நடு வேனிற்காலம். ஒரே ஒரு தொட்டி. பனிக்காலத்தில் அப்படிப்பட்ட குவியல்கள் எத்தனை என்று எண்ணி முடியாது.

2025 பிப்ரவரியில் அது சிகரத்தை எட்டியது. ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துப் புயல் அடித்து 50 சென்டிமீட்டருக்கு மேல் பனி கொட்டிற்று. குவிந்ததை அள்ளி முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. நடைபாதை சுத்தமாகிவிட்டது என்று நகரசபைக் கணக்குக் காட்டியது. வீதியில் வந்து பார்த்தால் முழங்கால் அளவு பனி. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிய தாய்மார்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் நடு ரஸ்தாவில் போனார்கள். மேயர் ஒலிவியா சௌ (இவரே சைக்கிளில் போய்வந்து பேர் பெற்றவர்) பனி அள்ளும் காண்டிராக்டுகளைப் பரிசீலிக்க வேண்டும் என்று கிளம்பினார். அந்த மாதம் 27-ஆம் தேதி மாகாணத் தேர்தல். ஓட்டுச் சாவடிக்குப் போகிறவர்கள் பனிக் குவியலை ஏறித்தான் இறங்கினார்கள். ஃபோர்டு அமோகமாகவே ஜெயித்தார்.

ஓலு செய்வது என்ன?

"பனி ஊரில் இப்படித்தான் இருக்கும், என்ன செய்ய முடியும்?" என்று சொல்கிறவர்கள் பின்லாந்து தேசத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே ஓலு என்று ஒரு நகரம். வட துருவ வளையத்துக்கு 200 கிலோமீட்டருக்குள்ளாகவே இருக்கிறது. ஜனத்தொகை இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். டொராண்டோவைவிடக் குளிர் அதிகம், இருட்டு அதிகம், பனி கிடக்கும் மாதமும் அதிகம். அந்த ஊர்க்காரர்கள் பனிக்காலத்தில் செய்யும் பிரயாணங்களில் 100-க்குப் பன்னிரண்டு வரை சைக்கிளில் என்று சொல்கிறார்கள். 2013-இல் பனிக்காலச் சைக்கிள் மகாநாடு ஒன்றை முதன்முதலாக அங்கேதான் கூட்டினார்கள். 2018-இல் ஒரு படம் உலகம் பூராவும் பரவியது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில், பூஜ்யத்துக்குக் கீழே 17 டிகிரிக் குளிரில், வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் சைக்கிள்கள் பனியில் நின்றன. 1,200 பிள்ளைகளில் ஏறக்குறைய ஆயிரம் பேர் சைக்கிளில் வந்திருந்தார்கள் என்று அதை வெளியிட்டவர் எழுதியிருந்தார்.

பின்லாந்துப் பிள்ளைகளுக்கு இரும்பு உடம்பா? இல்லை. ஓலுவில் சைக்கிள் பாதை என்பது கார் ரஸ்தாவின் ஓரத்தில் கோடு கிழித்து ஒதுக்கிய இடம் அல்ல, தனியாகவே ஓடுகிறது. பெரிய ரஸ்தா குறுக்கிட்டால் அடியில் சுரங்க வழி. பாதை நெடுக விளக்கு. முக்கியமான பாதைகளில் பனி விழுந்தால் ஜனங்கள் வேலைக்குக் கிளம்புமுன் அள்ளியாகவேண்டும் என்பது காண்டிராக்ட் நிபந்தனை. அள்ளுவது என்றால் தார் தெரியும்படி சுரண்டுவது அல்ல. உப்பும் போடுவதில்லை. கொஞ்சம் பனியை விட்டு, அதைச் சமமாக அழுத்தி, மேலே சீப்பால் வாரியதுபோல் கோடு போட்டு விடுகிறார்கள். அந்த இறுகிய பனி, மண் ரோடு மாதிரி டயரைப் பிடித்துக்கொள்கிறது. ஆணி டயர் இல்லாத சாதாரணச் சைக்கிளிலேயே பாட்டிமார் கடைக்குப் போய்வருகிறார்கள்.

டொராண்டோ அப்படியே இதைக் காப்பியடிக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். அழுத்திய பனி பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக நிலைக்கிற ஊருக்குத்தான் ஏற்றது. உருகி உறையும் ஊரில் அது ஒரே நாளில் சறுக்கு மரமாகிவிடும். அங்கே பனியை முழுக்க அள்ளியாகவேண்டும். லிங்சோபிங் என்ற ஸ்வீடன் நகரம் இதற்காகவே, முன்னால் பெரிய தூரிகையால் பெருக்கிக்கொண்டு பின்னால் உப்புத் தண்ணீர் தெளித்துப் போகும் வண்டியைச் சைக்கிள் பாதையில் ஓட்டுகிறது. வழி இல்லாமல் இல்லை.

எதை முதலில் சுத்தம் செய்வது என்பதே தகராறின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்வீடனிலேயே கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரம் 2011-இல் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தது. அதுவரை பெரிய ரஸ்தா முதலில், சின்னத் தெரு பிறகு, நடைபாதையும் சைக்கிள் பாதையும் கடைசி. யோசித்துப் பார்த்ததில் பெரிய ரஸ்தாவில் காரில் போகிறவர்களில் ஆண்கள் அதிகம், நடந்தும் சைக்கிளிலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டும் போகிறவர்களில் பெண்கள் அதிகம் என்று தெரிந்தது. கார் மூன்று அங்குலப் பனியிலும் போய்விடும்; தள்ளுவண்டி போகாது. ஆகவே பள்ளிக்கூட வழியையும் நடைபாதையையும் முதலில் அள்ளினார்கள். செலவு கூடவில்லை. அதே ஆட்கள், அதே வண்டிகள். வரிசை மட்டும் மாறிற்று.

மாலை வேலை

நம் தம்பியின் நாள் அடுக்களையோடு முடியவில்லை. மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அதன் பிறகு இரண்டாவது வேலை: செல்போன் கம்பெனி ஒன்றின் கணக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது. பனி கொட்டுகிற இரவில்தான் ஆர்டர் அதிகம். யாரும் வெளியே போகப் பிரியப்படுவதில்லை அல்லவா? "இந்தக் குளிரிலே சைக்கிளா!" என்று பகலில் கேட்டவர்கள் வீட்டுக்கும் அன்றிரவு சூடான நூடுல்ஸ் சைக்கிளில்தான் வந்து சேருகிறது.

தெற்கே குவீன் வீதிக்கும் கிங் வீதிக்கும் போனால் டிராம் தண்டவாளம். சைக்கிள் டயர் சரியாகப் புகுந்துகொள்ளும் அளவுக்கு அதில் இடைவெளி. பனியில் அது மூடிக் கிடக்கும். குறுக்கே வெட்டிக் கடக்காமல் சாய்வாகப் போனால் விழுந்தே ஆகவேண்டும். விழுந்து கை முறிந்தால் சம்பளத்தோடு லீவு கிடையாது. ஒண்டாரியோவில் 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து இந்தத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஆர்டரை ஏற்றுக்கொண்டு முடிக்கும் நேரத்துக்கு மட்டுந்தான் அந்தக் கூலி. ஹோட்டல் வாசலில் பனியில் நின்று அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரம் கணக்கில் சேராது.

இவர்களில் பலர் மின்சார சைக்கிள் வைத்திருக்கிறார்கள். குளிரில் பாட்டரியின் சக்தி குறைந்துபோகிறது. வழக்கமாகப் போகும் தூரத்துக்குப் போகமாட்டேன் என்கிறது. புறநகரில் குடியிருப்பவர்கள் முன்பெல்லாம் வண்டியைச் சுரங்க ரயிலில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வருவார்கள். 2023 டிசம்பர் 31-ஆம் தேதி ரயிலுக்குள் ஒரு மின்சார சைக்கிள் தீப்பிடித்து ஒருவர் காயமடைந்தார். அதிலிருந்து பயம். உப்பும் ஈரமும் பாட்டரியைக் கெடுக்கக்கூடும் என்று காரணம் சொல்லி, நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இந்த வண்டிகளைத் தன் ரயில்களிலும் பஸ்களிலும் ஏற்றக்கூடாது என்று டொராண்டோ போக்குவரத்துக் கமிஷன் 2024 டிசம்பரில் முடிவு செய்தது. தீயைக் கண்டு பயப்படுவது நியாயந்தான். விலை மலிந்த பாட்டரிகளில் மோசமான சரக்கும் உண்டு. ஆனால் நல்ல பாட்டரி, கெட்ட பாட்டரி என்று பார்க்காமல் ஐந்து மாதத்துக்கு எல்லாவற்றையும் அடைத்துவிட்டது அந்த முடிவு. ரயில் கிடையாது என்றால் இருபது கிலோமீட்டரும் ரோட்டிலேயே வந்தாகவேண்டும். அந்த ரோட்டில் பாதை இருந்தால் அதைத்தான் பெயர்க்கப் பார்த்தார்கள்.

1.2 என்ற கணக்கு

பாதைகளைப் பெயர்க்கும் சட்டம் வந்தபோது மாகாணப் போக்குவரத்து மந்திரி பிரப்மீத் சர்க்காரியா ஒரு புள்ளிவிவரத்தை மறுபடி மறுபடி சொன்னார். வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் 100-க்கு 1.2 பேர்தான் என்பது அது. ஒரு கைப்பிடி ஆளுக்காக மற்ற எல்லோரும் கஷ்டப்படுவதா என்பது அவர் வாதம்.

இந்த மாதிரிக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்க்கவேண்டும். கனடாவில் ஜனத்தொகைக் கணக்கு எடுப்பது மே மாதத்தில். "வேலைக்கு வழக்கமாக எப்படிப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு ஒரு ஆபீசுக்குப் போய்ச் சேருகிறவனுக்கு ஏற்ற கேள்வி. சைக்கிள் மிதிப்பதே வேலையாக இருப்பவன் இதற்கு என்ன பதில் எழுதுவான்? அவன் 'போய்ச் சேரும்' இடம் ஒன்றும் இல்லை; நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கிறான். கடைக்குப் போகிறவளும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இந்தக் கேள்விக்குள் வரவே மாட்டார்கள். நகரத்தின் வாடகைச் சைக்கிள் நிலையங்களில் மட்டும் 2024-இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரயாணங்கள் பதிவாயின. அந்த நிலையங்கள் பனிக்காலத்திலும் மூடுவதில்லை. மூடினால் சண்டைக்கு வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கார்க்காரர்களுடைய கஷ்டத்தையும் நான் மறுக்கவில்லை. டொராண்டோ நெரிசல் பிரசித்தம். அதில் தினமும் ஒன்றரை மணி நேரம் கிடப்பவனுக்குக் காலியாகத் தெரியும் சைக்கிள் பாதை கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஒரு விஷயம் மட்டும் அவன் கவனிக்கவேண்டும். ஒரு பாதையில் நிமிஷத்துக்குப் பத்துச் சைக்கிள் போனாலும் அது காலியாகவே தெரியும், ஏனென்றால் அவை நிற்காமல் போய்விடுகின்றன. கார்கள் நிற்பதால்தான் ரஸ்தா நிறைந்து தெரிகிறது. பனிக்காலத்தில் அந்தப் பாதை உண்மையிலேயே காலியாகக் கிடக்கும் நாட்களும் உண்டு. அன்றைக்கு இறங்கிப் பார்த்தால் அதில் முழங்கால் அளவு பனி கிடக்கும். அள்ளாமல் விட்டுவிட்டு, "பாருங்கள், ஒருவரும் வரவில்லை" என்று சொல்வது, சமைக்காமல் இலை போட்டுவிட்டு, "சாப்பிட ஆள் இல்லை" என்று சொல்வதுபோல் இருக்கிறது.

இரவு பதினொரு மணிக்குத் தம்பி வீடு திரும்புகிறான். வாசலில் நின்று, செயினில் ஒட்டிய உப்பைப் பழைய துணியால் துடைக்கிறான். மாலை வேலைக்கு ஒரு நண்பனுடைய மின்சார சைக்கிளை வாடகைக்கு வாங்கியிருந்தால், பாட்டரியைக் கழற்றி அறைக்குள் கொண்டுவந்து வைப்பான். உடனே மின்சாரத்தில் செருகமாட்டான். உறைந்த பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றினால் அது கெட்டுப்போகும். ஒரு மணி நேரம் அறைச் சூட்டில் கிடக்கவேண்டும். அந்த ஒரு மணி நேரமும் அவன் தூங்க முடியாது. செல்போனை எடுத்து நாளைய வானிலையைப் பார்க்கிறான்: பகலில் 2 டிகிரி, மழைத் தூறல், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 9. பாலம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.